ஓடைக்கரை ஏறிய கார்

ஒரே காரின் கியர்பாக்ஸை மூன்றாவது தடவையாக இறக்கி வைத்துவிட்டு, சேசுராஜ் கைகூடத் துடைக்காமல் தரையில் உட்கார்ந்தார். 1957-ஆம் வருஷம், சித்திரை வெயில். சிவகாசியில் விருதுநகர் ரோட்டோரம் அவருடைய தகரக் கொட்டகை. இரண்டு மாதத்துக்குள் அந்தக் காருக்கு இரண்டு புது கிளச் பிளேட் போட்டாயிற்று. இரண்டும் கருகிப் போய்விட்டன.

கிளச் பிளேட் என்பது எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் நின்று இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற தட்டு. அதன் பிடி தளர்ந்துவிட்டால் எஞ்சின் அலறும், வண்டி நகராது, பக்கத்தில் நிற்பவனுக்குத் துணி கருகுகிற மாதிரி ஒரு வாடை வரும். தேய்ந்த பிளேட்டை எடுத்துவிட்டுப் புதுசு போட்டால் வருஷக்கணக்கில் ஓட வேண்டும். முதல் பிளேட் இருபது நாள் ஓடியது. இரண்டாவது பன்னிரண்டே நாள்.

சேசுராஜ் விருதுநகர்ப் பக்கத்துக்காரர். உலகச் சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து, அசாமில் ஒரு ராணுவ ஒர்க்‌ஷாப்பில் நான்கு வருஷம் லாரிகளுக்கு அடியில் மழையிலும் சேற்றிலும் கிடந்து தொழில் கற்றவர். திரும்பி வந்தபோது சிவகாசியில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சாபீஸ் என்று லாரிகள் பெருகிக்கொண்டிருந்தன. அங்கேயே கொட்டகை போட்டார். மனைவி செல்வமணி ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிள்ளைகள் இல்லை. சேசுராஜ் கைவைத்த வண்டி அதே கோளாறுக்குத் திரும்பி வராது என்று சாத்தூர், ராஜபாளையம் வரைக்கும் டிரைவர்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சு அவர் காதிலும் விழும். விழாத மாதிரி இருந்துகொள்வார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போகும்போது அவர் நடக்கிற நடையில் அது தெரியும்.

கார் சோலைமலை முதலாளியுடையது. நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி, மூன்று லாரி, இந்த ஒரு கார். காரை அப்போதெல்லாம் பிளஷர் என்றுதான் சொல்வார்கள். பிளஷர் வைத்திருந்தவர்களை ஊரில் விரல்விட்டு எண்ணிவிடலாம். சோலைமலையின் பிளஷர் கறுப்பு நிறம், சண்டைக்கு அப்புறம் சீமையிலிருந்து வந்த மாடல். அதை ஓட்டியவன் பேர் ஊர்க்காவலன். அப்பனும் பாட்டனும் அடுத்தவர் காட்டில் கூலிக்கு உழுதவர்கள். அந்தக் குடும்பத்தில் மண்ணை விட்டுவிட்டுக் காக்கிச் சட்டை போட்ட முதல் ஆள் அவன். சட்டையை அவன் பெண்டாட்டி குருவம்மாள் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுப்பாள். வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொன்னால்கூட முதலில் சட்டையைக் கழற்றி மடித்துவைத்துவிட்டுத்தான் குனிவான்.

பங்குனித் தொடக்கத்தில் அவன் முதன்முதலாக வந்தபோது சேசுராஜ் வழக்கமான சோதனையைச் செய்தார். கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, டாப் கியரில் போட்டு, கிளச் பெடலை விட்டார். கிளச் சரியாக இருந்தால் எஞ்சின் அந்த இடத்திலேயே குலுங்கி நின்றுவிட வேண்டும். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. இறக்கிப் பார்த்தால் பிளேட் ஆணி வரைக்கும் தேய்ந்திருந்தது. பழைய வண்டி, தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தார். மதுரையிலிருந்து புது பிளேட் வரவழைத்துப் போட்டார்.

இரண்டாவது தடவையாக வந்தபோது, மிதித்தால் பெடல் முதலில் கொஞ்சம் சும்மா இறங்குகிற அந்த விளையாட்டு இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. எஞ்சின் பின்பக்கத்திலிருந்து எண்ணெய் கசிந்து பிளேட்டில் படுகிறதா என்று விரலைவிட்டுத் தடவினார். விரல் காய்ந்தபடியே வந்தது. பிளேட் ஒட்டிச் சுழல்கிற பிளைவீல் சக்கரத்தில் மட்டும் சூடேறி நீலத் திட்டுகள் விழுந்திருந்தன. அதை ஒரு சாக்கில் சுற்றி, விருதுநகர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய், தெரிந்த லேத்துப் பட்டறையில் பக்கத்திலேயே நின்று கடைந்து வாங்கி வந்தார். இரண்டாவது பிளேட்டைத் தன் பொறுப்பிலேயே வாங்கிப் போட்டார். பழைய பிளேட்டைத் தேய்த்துப் புதுசு என்று சேசுராஜ் மாட்டிவிட்டான் என்று முதலாளி சொன்னதாக ஒரு பேச்சு கேள்விப்பட்டிருந்தார். அதற்கு அவர் சொன்ன பதில் அது.

அதுவும் பன்னிரண்டு நாளில் போனதும் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சிரிப்பு கிளம்பியது. சேசுராஜுக்குக் கை போய்விட்டது, கண்ணும் போய்விட்டது என்று சொன்னார்களாம். வாடிக்கையாக வருகிற இரண்டு லாரிகள் அடுத்த கொட்டகைக்கு முன்னால் நிற்பதை அவரே பார்த்தார்.

இதையெல்லாம் மனதில் போட்டு உழப்பிக்கொண்டுதான் அன்றைக்குத் தரையில் உட்கார்ந்திருந்தார். கிளச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வரிசையாக நிறுத்தினார். எல்லாம் ஒரே உயரம். ஒன்றுகூடத் தளரவில்லை. அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. மலைப்பாதையில் ஓடுகிற வண்டி கிளச்சை எரிக்கலாம். இங்கே சுற்றுவட்டாரம் முழுக்கக் கரிசல் காடு, தட்டு மாதிரிக் கிடக்கிறது. நாலு பேர் உட்கார்ந்து போகிற பிளஷருக்கு இந்த ஊரில் என்ன வேலை வந்தது, இப்படி எரிய?

கிளச்சில் காலை வைத்தபடியே ஓட்டுகிறாயா என்று ஊர்க்காவலனைக் கேட்டார். அவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அப்படியெல்லாம் இல்லை என்றான். சரி, நாளைக்கு ஒருநாள் முழுக்க உன் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன் என்றார். அதற்கு அவன் பதறிய பதற்றம் அவருக்கு வித்தியாசமாகப் பட்டது. எழுந்து வண்டியைச் சுற்றி வந்தார். இரண்டு மாதமாக முன்பக்கத்தையும் நடுவையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவர், பின்பக்கம் குனிந்தார். ஸ்பிரிங் பட்டைகள் வளைவே இல்லாமல் நேராகிக் கிடந்தன. டயர் உரசி மட்கார்டின் உள்பக்கம் பளபளவென்று இருந்தது. கதவைத் திறந்து பின்சீட்டைத் தூக்கினார். அது ஒரு கையிலேயே வந்துவிட்டது. அடியில் சீட்டுக் கம்பிகள் எதுவும் இல்லை. வெறும் குழி. மூலையில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தூசி ஒட்டியிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தார். விரல் வெள்ளியாக மினுங்கியது.

சிவகாசியில் இருக்கிறவனுக்கு அது அலுமினியப் பவுடர் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பவுடர், கந்தகம், வெடியுப்பு எல்லாம் கலந்துவிட்டால் அதற்குப் பேர் மருந்து.

ஊர்க்காவலன் சொன்னான். கம்பெனியில் கலந்த மருந்தைத் தகர டப்பாக்களில் அடைத்து, சீட்டுக்கு அடியிலும் டிக்கியிலும் வைத்து, தாயில்பட்டிப் பக்கத்து ஊர்களுக்குக் கொண்டு போகிறான். அங்கே வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும் குழாய்களில் அடைத்துத் தருகிறார்கள். லைசென்ஸ் கிடையாது. லாரியில் போனால் சோதனை போடுவார்கள். முதலாளியின் பிளஷரை ஒருத்தரும் நிறுத்த மாட்டார்கள். வழியில் ஒரு ஓடை, பாலம் இல்லை. மணலில் இறங்கி அக்கரை மேட்டில் ஏற வேண்டும். அவ்வளவு பாரத்தோடு வண்டி ஏறாது. பாதிக் கிளச்சில் வைத்து இரைய விட்டு, இரைய விட்டு ஏற்ற வேண்டும்.

"கீள கிளச்சு தீயுற வாடை வரும் அண்ணாச்சி. முதுகுக்குப் பின்னால மருந்து இருக்கும்" என்றான். "நாஞ் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீக."

சேசுராஜ் மறுநாள் காலையில் நாரணாபுரம் போனார். சோலைமலை மரியாதையாகவே உட்காரச் சொன்னார். லேபிள் காகிதங்கள் அடுக்கியிருந்த மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, ஊர்க்காவலன் பேரை எடுக்காமல், தான் பார்த்ததை மட்டும் சேசுராஜ் சொன்னார். கோளாறு கிளச்சில் இல்லை, பாரத்தில் இருக்கிறது. அந்தப் பாரம் எது என்றும் தனக்குத் தெரியும். சூடேறுகிற இடத்துக்கு நாலடி பின்னால் அதை வைத்து ஓட்டினால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் ஆள் போய்விடும்.

முதலாளி குரலை உயர்த்தவில்லை.

"சேசுராஜு, ஏங்கிட்ட மூணு லாரி இருக்கு. மூணும் ஒங்கிட்டதான் வருது. நான் ஒங்கிட்டக் கேட்டது ஒண்ணே ஒண்ணு. வண்டி ஓடணும். ஓட வைக்கத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டுப் போ, வேற ஆளப் பாத்துக்கிடுதேன். பட்டாளத்துல படிச்ச மெக்கானிக்குன்னு சொன்னாக. இம்புட்டுத்தானா?"

லாரிகள் போய்விடும் என்ற பயம் அவருக்கு இல்லாமல் இல்லை. ஆனால் திரும்பி நடந்து வரும் வழியெல்லாம் அவரைக் குடைந்தது அந்தக் கடைசி வார்த்தைதான். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி அவர் பாடு என்று தனக்குத் தானே சமாதானம் செய்துகொண்டார். கொட்டகைக்கு வந்து வேலையில் உட்கார்ந்தார். ஒரு லாரியின் பழைய பிரஷர் பிளேட்டிலிருந்து கனத்த ஸ்பிரிங்குகளைக் கழற்றினார். அவை உட்காரும்படி காரின் பிரஷர் பிளேட்டில் குழிகளை அரத்தால் ராவி அகலப்படுத்தினார். மூன்று நாள் வேலை. பிளேட்டிலும் லாரிக்குப் போடுகிற முரட்டு லைனிங் பட்டையை வைத்து ஆணி அடித்தார். மாட்டி முடித்து, கைப்பிரேக்கை இழுத்து, டாப் கியரில் போட்டுப் பெடலை விட்டார். எஞ்சின் ஒரே உதறலில் செத்து நின்றது.

அந்த நிமிஷம் அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. பின்னாளில் செல்வமணியிடம் அவர் மறைக்காமல் சொன்னது இதுதான்: பயந்து செய்திருந்தால்கூடப் பரவாயில்லை, தான் அதைச் சந்தோஷமாகச் செய்ததாக.

அதற்கு அப்புறம் அந்தக் கார் கிளச்சுக்காகத் திரும்பி வரவில்லை. டீக்கடைச் சிரிப்பு நின்றது. போன லாரிகள் திரும்பின. ஆடி மாதம் எஞ்சின் ஆயில் மாற்ற வந்த ஊர்க்காவலன் இடது தொடையை நீவிக்கொண்டே இறங்கினான். பெடல் கல்லு மாதிரி இருக்கிறது, மிதித்து மிதித்துக் கால் மரத்துப்போகிறது என்றான். கிளச் எரிந்தவரைக்கும் ஆறு டப்பாவுக்கு மேல் ஏற்ற முடியவில்லை. இப்போது பன்னிரண்டு ஏற்றுகிறார்கள். சீசன் நெருங்குவதால் சில நாள் இரண்டு நடை. அவன் குறையாகச் சொல்லவில்லை. நடப்பைச் சொன்னான். சேசுராஜ் அந்த வேலையை விட்டுவிடச் சொன்னார்.

"விட்டுட்டு எங்கன போக?" என்றான் அவன். "மறுபடியும் காட்டுக்கா?"

சேசுராஜ் புது எஞ்சின் ஆயிலை ஊற்றி மூடினார். தன்னுடைய கொட்டகையில் சேர்த்துக்கொள்கிறேன் என்று அப்போது சொல்லியிருக்கலாம். அந்த எண்ணம் அவருக்கு வந்தது, அவன் போன பிறகு.

புரட்டாசிக் கடைசியில், தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, மத்தியானம் மூன்று மணிக்கு ஓடையின் அக்கரை மேட்டின் உச்சியில் கார் வெடித்தது. தாயில்பட்டியில் ஓடுகள் அதிர்ந்தன என்றார்கள். எதனால் தீப்பிடித்தது என்று கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாது. டப்பாக்கள் ஒன்றோடொன்று உரசியிருக்கலாம். மருந்துக்குக் காரணம் பெரிதாக வேண்டியதில்லை. கதவோடு தூக்கி எறியப்பட்ட ஊர்க்காவலன் மணலில் கிடந்தான். பக்கத்துக் காட்டில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் வாழையிலையில் கிடத்தி மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அவன் இரண்டு நாள் உயிரோடு இருந்தான். செல்வமணிதான் கட்டுக் கட்டினார், உதட்டை நனைத்தார். சேசுராஜ் வாசல் வரைக்கும் வந்து, உள்ளே வராமல், வேப்பமரத்தடியில் நின்றுவிட்டுப் போனார். இரண்டாம் நாள் சாயங்காலம் ஊர்க்காவலன் செல்வமணியை அடையாளம் கண்டுகொண்டான். அண்ணாச்சி தன்னைப் பற்றித் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்று அவனுக்குக் கவலை. தான் ஓட்டின ஓட்டில் எதுவும் கோளாறாகிவிட்டதாக அவர் நினைப்பாரோ என்று.

"கிளச்சு நல்லாத்தான் இருந்துச்சுக்கா. ஒரே மிதியில மேடு ஏறிருச்சு. அண்ணாச்சிகிட்டச் சொல்லுங்க" என்றான்.

செல்வமணி வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அதற்குள் அவன் இறந்திருந்தான்.

நான்காம் நாள் சோலைமலை கொட்டகைக்கு வந்தார். அதற்கு முன்னால் அவர் அந்தக் கொட்டகைக்குள் கால் வைத்ததே இல்லை. விசாரணை வைத்திருக்கிறார்கள், காரைப் பழுது பார்த்தவன் என்ற முறையில் உன்னைக் கூப்பிடுவார்கள் என்றார். காரில் லோடு எதுவும் இல்லை. உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு மத்தாப்புப் பெட்டி இரண்டு போயிற்று. பெட்ரோல் குழாயில் கசிவு இருந்தது, மாற்ற வேண்டும் என்று நீ டிரைவரிடம் சொல்லியிருந்தாய். டிரைவருக்கு வண்டியிலேயே பீடி குடிக்கிற பழக்கம். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது.

சேசுராஜ் தலையைத் தூக்கவில்லை. தன்னால் முடியாது என்று மெதுவாகச் சொன்னார்.

"சரி, உள்ளதச் சொல்லு" என்றார் முதலாளி. "லோடு போச்சுன்னு சொல்லு. அப்பம் அடுத்தாப்புல கேப்பாக, அம்புட்டு லோட அந்தக் காரு எப்பிடி இழுத்துச்சுன்னு. லாரி ஸ்பிரிங்கப் போட்டது யாரு? தெரிஞ்சு போட்டியா, தெரியாமப் போட்டியா?"

விசாரணை பயணியர் பங்களாவில் நடந்தது. அதிகாரி வெளியூர்க்காரர், அவசரத்தில் இருந்தார். சேசுராஜ் நின்றுகொண்டே சொன்னார். பெட்ரோல் குழாய். பீடி. கூட இருந்த எழுத்தர் எழுதிப் படித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது படிக்குக் கீழே குருவம்மாள், எட்டு வயது மகளோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே என்ன சொன்னார் என்று அவளுக்கு அப்போது தெரியாது. அவரைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டாள்.

வீட்டில் செல்வமணி கேட்டார். சேசுராஜ் சொன்னார். அந்த அம்மாள் சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார், கை நின்றது.

"அவுக விரல்ல ஒரு பீடிக்கறை கிடையாது. பல்லுலயும் கிடையாது. நான்தான் கழுவுனேன்."

அவ்வளவுதான் சொன்னார். சண்டை போடவில்லை, அழவில்லை. மறுபடி அரிசி பார்க்கத் தொடங்கினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் தேவைக்குத்தான் பேச்சு. சோறு வைத்திருக்கிறது, தண்ணீர் வரவில்லை, நாளைக்கு எனக்கு ராத்திரி டூட்டி. இப்படித்தான்.

டிரைவரின் தவறால் நடந்தது என்று முடிவானது. அதனால் கம்பெனிக்குப் பொறுப்பில்லை. குருவம்மாளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. பீடி குடித்துப் பிளஷரைக் கொளுத்தினவன் பெண்டாட்டி என்று அவளை நாரணாபுரத்தில் சொன்னார்கள். கார்த்திகை மாதம் ஒருநாள் முற்பகலில் அவள் கொட்டகைக்கு வந்தாள். சேசுராஜ் ஒரு லாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவள் ரோட்டைக் கடந்து வருவதைப் பார்த்ததும் ஸ்பானரை எடுத்துக்கொண்டு லாரிக்கு அடியில் போய்விட்டார்.

அவள் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவருக்கு அவளுடைய பாதம் மட்டும்தான் தெரிந்தது. மெட்டி கழற்றின விரல்களில் வெளுத்த தடம்.

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன்" என்றாள். "எங்க வீட்டுக்காரரு பீடி குடிச்சு நீங்க கண்ணால பாத்தீகளா?"

அவர் ஒரு நட்டை முறுக்கினார். அது ஏற்கெனவே இறுகியிருந்த நட்டு. இறுக்கிக்கொண்டே இருந்தார். அந்தப் பாதங்கள் ரொம்ப நேரம் அங்கேயே நின்றன. பிறகு திரும்பிப் போயின. அவள் போன பிறகும் அவர் வெளியே வரவில்லை.

அதன் பின் வந்த வருஷங்களில் சேசுராஜுக்குத் தொழிலில் குறைவில்லை. சோலைமலையின் லாரிகள் மூன்று ஏழாயின. ஏழும் அவரிடமே வந்தன. பாரம் இழுக்கிற வண்டிகளுக்கு அவர் கட்டுகிற கிளச்சுக்குக் கோவில்பட்டி வரைக்கும் பேர் இருந்தது. யாராவது அதைச் சொல்லிப் புகழ்ந்தால் எழுந்து போய்விடுவார். தலைக்கனம் என்று நினைத்தார்கள். பூசைக்குப் போவார், கடைசி வரிசையில் நிற்பார். சாமியார் நாக்கில் வைக்கிற அப்பத்தை, நன்மையை, வாங்கப் போக மாட்டார். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நன்மை வாங்கக் கூடாது, செய்தால் இதைச் சொல்ல வேண்டும். இப்படியே ஏழு வருஷம் போயிற்று. குருவம்மாள் வேறு வழியில்லாமல் சோலைமலையின் கம்பெனியிலேயே திரி அறுக்கிற வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டார். மகளும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவோடு வேலைக்குப் போனாள்.

1965 தவக்காலத்தில் ஊர்ச் சர்ச்சுக்குப் புதுச் சாமியார் வந்தார். சின்ன வயசு. தெரியாத முகம் என்பதாலோ என்னவோ, சேசுராஜ் முழங்கால் போட்டு எல்லாவற்றையும் சொன்னார். சாமியார் கடைசி வரைக்கும் கேட்டாராம். பிறகு, இதை என்னிடம் சொன்னால் மட்டும் தீராது, பொய்யை எங்கே சொன்னீர்களோ அங்கே போய் உண்மையைச் சொல்லுங்கள், அதற்கு அப்புறம் வாருங்கள் என்றாராம்.

சேசுராஜ் தாலுகா ஆபீஸ் இருக்கிற சாத்தூருக்குப் போய் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். அந்த அதிகாரி மாற்றலாகி எங்கேயோ போய்விட்டார். விசாரணைக் கட்டு மேலிடத்துக்குப் போய்விட்டது, அங்கேயும் இருக்குமோ இருக்காதோ என்றார் ஒரு குமாஸ்தா. எட்டு வருஷம் பழசை இப்போது கிளறி என்ன செய்யப் போகிறீர்கள், வேண்டுமென்றால் மனு எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்பி வைக்கிறோம் என்றார். சேசுராஜ் தன் கையாலேயே நான்கு பக்கம் மனு எழுதினார். லோடு, ஸ்பிரிங், முதலாளி சொன்னது, தான் சொன்னது, எல்லாம். தன்மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் சம்மதம் என்று முடித்தார். கொடுப்பதற்கு முன்னால் குருவம்மாளிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அவள் அழுவாள், காறித் துப்புவாள், இரண்டும் தனக்கு வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு போனார்.

நாரணாபுரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குருவம்மாள் வீட்டு வாசலில் ஊசிமிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். தலையில் பாதி நரைத்துவிட்டது. விரல் நகங்களில் மருந்துக் கறை. உள்ளே வரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. அவர் நின்றபடியே மனுவை முழுசாகப் படித்துக் காட்டினார். அவள் மிளகாயைப் பரப்பிக்கொண்டே கேட்டாள்.

"அவுக பீடி குடிக்கலன்னு எனக்குத் தெரியும். நீங்க எழுதியா நான் தெரியணும்?" என்றாள்.

அவர் மனுவை மடித்தார்.

"அன்னைக்குக் கேட்டேன். லாரிக்கடியில கெடந்தீக. அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எம் பிள்ளை பள்ளிக்கூடத்துல இருந்திருக்கும்." மிளகாய்த் தூசிக்குக் கண்ணைச் சேலையால் ஒற்றிக்கொண்டாள். "அவளுக்குத் தை மாசம் கலியாணம். மாப்பிள அதே கம்பெனிலதான் வேலை பாக்கான். மொதலாளிதான் பேசி முடிச்சு வச்சிருக்காக. இதக் கொண்டு போய்க் குடுத்தீகன்னா மறுநாளே மூணு பேரும் தெருவுல நிப்போம். உங்க மனசு ஆறணும்னா வேற எங்கனயாவது போய் ஆத்திக்கிடுங்க அண்ணாச்சி. எங்கள விட்ருங்க."

அவர் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார். செல்வமணி என்ன ஆயிற்று என்று கேட்டார். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அந்த அம்மாள் தானாகக் கேட்ட கேள்வி. அவர் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, கொடுக்கட்டுமா வேண்டாமா என்று கேட்டார்.

"இம்புட்டு நாளும் உங்களக் காப்பாத்தப் பேசாம இருந்தீக. இப்பயும் உங்களுக்காகத்தான் பேசணும்ங்கீக" என்றார் செல்வமணி. "நான் என்ன சொல்ல?"

மனுவை அவர் கொடுக்கவில்லை. சாமியாரிடம் மறுபடி போகவும் இல்லை.

தை மாதம் கல்யாணம் நடந்தது. சோலைமலை முன்னால் நின்று நடத்திவைத்தார். சேசுராஜ் வீட்டுக்கும் பத்திரிகை வந்திருந்தது, யார் கொடுக்கச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அன்றைக்கு அவர் கொட்டகையைத் திறக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தார். செல்வமணி மட்டும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். சேலையை மாற்றிக்கொண்டு, பெண்ணுக்கு அப்பா சாடை, சிரிக்கும்போது அப்படியே இருக்கிறது என்று சொல்லிவிட்டு, டூட்டிக்குப் புறப்பட்டுப் போனார்.